‘நகர்ப்புறம்’ என்ற ஒரு சொல்: வடசென்னைக் குடியிருப்புகளும் வீட்டு இணையமும்

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், வடசென்னையின் காசிமேட்டில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போகாத நாளுக்குப் பங்கு கிடையாது. தடைக்கால நிவாரணமாக அரசு ஒரு குடும்பத்துக்குத் தருவது 8,000 ரூபாய். பிளஸ் டூ முடிவு வருவதும் பொறியியல் படிப்புக்கு விண்ணப்பிப்பதும் இதே நாட்களில்தான். 2025இல் தேர்வு முடிவு மே 8 அன்று வந்தது; விண்ணப்பப் பதிவு மே 7இல் தொடங்கி ஜூன் 6 வரை நடந்தது. 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையத்தில் நடக்கிறது. சான்றிதழ்களைப் பதிவேற்ற வேண்டும், கல்லூரிகளை வரிசைப்படுத்த வேண்டும், குறித்த நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். வீட்டில் பணம் நின்றுபோகும் மாதத்தில்தான் இணையம் இல்லாமல் முடியாது என்ற நிலையும் வருகிறது.

“எல்லார் கையிலும் போன் இருக்கிறதே” என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கே இந்தப் பதிலைச் சந்தேகிக்க வைக்கிறது. 2024 இறுதியில் நாட்டில் சுமார் 94 கோடி அகலப்பட்டை இணைப்புகள் இருந்தன. அவற்றில் கம்பி வழியாக வந்தவை 4 கோடியைச் சற்றே தாண்டின. மற்றவை பெரும்பாலும் கைப்பேசி இணைப்புகள். சிம்மை எண்ணினால் நாடு முழுக்க இணைந்துவிட்டதாகத் தெரியும். வீட்டை எண்ணினால் அப்படித் தெரியாது. அப்பா லாரியோடு துறைமுகத்துக்குப் போகும்போது அவர் போனும் கூடப் போகிறது. அதில் பாடம் பார்க்கும் பிள்ளை அவர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

விலையையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. தினம் 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. மூன்று போன் உள்ள வீட்டுக்கு 897 ரூபாய். 28 நாள் என்பதால் ஆண்டுக்கு 13 முறை இந்தச் செலவு வரும். குடும்பத் தலைவிக்கு மாதம் கிடைக்கும் உரிமைத் தொகை 1,000 ரூபாய். அது ஏறக்குறைய முழுதாக ரீசார்ஜுக்கே போய்விடும்.

ஜியோ 2020இல் அறிமுகப்படுத்திய 30 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு 399 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 471. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் இந்த ஒரே கட்டணம்தான். பேச்சுக்கு மட்டுமான ரீசார்ஜும் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு, டேட்டாவை வீட்டுக்கு விட்டுவிட்டுப் போனில் பேச்சை மட்டும் வைத்துக்கொள்ளவும் வழி பிறந்திருக்கிறது. ஆக, ஏழை வீடு குறைவாகப் பெறுவதற்கு அதிகம் கொடுக்கிறது. சிக்கனம் தெரியாததால் அல்ல. அன்றாடக் கூலியில் 299 ரூபாயைத் தேற்றிவிடலாம்; ஃபைபர் இணைப்புக்கு முன்பணம் என்று மொத்தமாக ஒரு தொகையை எடுத்து வைப்பது கடினம். வாடகை வீட்டை எப்போது காலி செய்ய நேரும் என்பதும் தெரியாது.

மத்திய அரசு இதில் கைகட்டி நின்றதாகச் சொல்ல முடியாது. ஆனால் அதன் கண் கிராமத்தின் மேலேயே இருந்தது. 2002இல் தொடங்கிய உலகளாவிய சேவைக் கடமை நிதி, நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காட்டைத் திரட்டி, ஊரகத்துக்கும் தொலைதூரப் பகுதிகளுக்கும் செலவிட்டது. பாரத்நெட் தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் திட்டமாக வந்தது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. ஊராட்சி இல்லாத இடத்துக்கு ஊராட்சிவாரித் திட்டம் எப்படி வரும்? மாதக் கட்டணத்தில் பாதியை, 200 ரூபாய்க்கு மிகாமல், பயனாளிக்கே திருப்பித் தரலாம் என்று டிராய் 2021 ஆகஸ்டில் பரிந்துரைத்தது; அதுவும் ஊரக வீடுகளுக்குத்தான்.

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. பழைய நிதி ‘டிஜிட்டல் பாரத் நிதி’ ஆனபோது, அது செலவிடப்பட வேண்டிய சேவை குறைந்த இடங்களின் பட்டியலில் ஊரகம், தொலைதூரம் இரண்டோடு ‘நகர்ப்புறம்’ என்ற சொல்லும் சேர்ந்தது. எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு அந்தச் சொல்லுக்குள் வராவிட்டால் வேறு எந்த இடம் வரும்?

அந்த நிதியை எப்படிச் செலவிடுவது என்பதில் எச்சரிக்கை தேவை. அமெரிக்கா 2021 டிசம்பர் இறுதியில் ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை தாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2.3 கோடிக் குடும்பங்கள் சேர்ந்தன. பணம் தீர்ந்தது, 2024 ஜூன் 1இல் திட்டம் நின்றது. கேரளம் வேறு வழியில் போனது. மின்வாரியக் கம்பங்களின் வழியே சொந்த ஃபைபரை இழுத்து 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோனைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்ற இலக்குக்கு முன் முதல் கட்டம் சிறியதுதான்: சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீடு, மொத்தம் 14,000. ஆனாலும் மானியம் நின்றால் மறைந்துபோகாத ஒரு வலை அங்கே கம்பங்களில் இருக்கிறது.

பொது வைஃபையை மாற்றாகச் சொல்பவர்கள் உண்டு. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி, பெட்டிக்கடைகூட உரிமம் இல்லாமல் இணையம் விற்க இடம் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் இரவு பத்து மணிக்குக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும் பெண்ணைக் கடை வாசலில் நிற்கச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது இணையம் பயன்படுத்தியவர்கள் 46.9 விழுக்காடு, ஆண்களில் 70.2 என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. இந்த இடைவெளியைக் குறைக்க இணையம் வீட்டுக்குள் வர வேண்டும்.

வடசென்னையில் இதைச் செய்யக் கைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு தெருவிலும் கேபிள்காரர் இருக்கிறார். எந்த மாடிக்கு எந்த வழியாகக் கம்பி போகும் என்பது அவருக்குத் தெரியும். அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இணைப்பு தந்தபோதும் வீடு வரை போனது அவர்தான். 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் தெருவைத் தோண்டும்போதே ஃபைபருக்கான குழாயையும் பதித்துவிடலாம். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளில் பிளாக்குக்கு ஒரு பொது இணைப்பை மத்திய நிதியில் கொண்டுவந்து, அங்கிருந்து வீடுகளுக்குக் கேபிள்காரரிடம் ஒப்படைக்கலாம். கட்டணத்தை வாரக் கணக்கில், முன்பணம் இல்லாமல், அவரே வசூலிக்கலாம்.

தடைக்காலத்தில் இணைப்பு துண்டிக்கப்படக் கூடாது. டிராய் சொன்ன 200 ரூபாயையே அளவாக வைத்தால், ஒரு மீனவ வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஆகும் மானியம் 400 ரூபாய். நிவாரணம் பெறும் குடும்பங்களின் பட்டியல் மீன்வளத் துறையிடம் இருக்கிறது. அந்த 400 ரூபாயைத் துறையே இணைப்புக் கணக்கில் நேராகக் கட்டிவிடலாம்.