வாய்ப்புற்று: திசு அறிக்கையின் கீழ்ப்பகுதி

நெருப்பெரிச்சல் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் ஒரு துணியைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘எத்தனை ஜிஎஸ்எம்?’ என்ற கேள்வி முதலில் வரும். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரு துணிகளின் கனம் வேறு, விலையும் வேறு. வாய்ப்புற்றும் அப்படித்தான். நாக்கின் ஓரத்தில் ஒரே அளவில் தெரியும் இரண்டு புண்களில் ஒன்று மேலோட்டமாக நின்றிருக்கும். மற்றொன்று தசைக்குள் இறங்கியிருக்கும். தொட்டுப் பார்த்தும் ஸ்கேன் எடுத்தும் ஓரளவு ஊகிக்கலாம். உறுதியான அளவு நுண்ணோக்கியில்தான் கிடைக்கும்.

நோயியல் மருத்துவன் என்ற முறையில் நான் காண்பது இது: ‘புற்றுதானா?’ என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் குடும்பத்தினர் அறிக்கையை மடித்து வைத்துவிடுகின்றனர். அடுத்த சிகிச்சையைத் தீர்மானிக்கும் வரிகள் அதன் கீழ்ப்பகுதியில் இருக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது ஊடுருவல் ஆழம். புண்ணை ஒட்டிய இயல்பான சளிப்படலத்தின் அடித்தளச் சவ்வை மட்டமாகக் கொண்டு, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல் கட்டியின் அடிவரை அளக்கிறோம். அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழுவின் நிலை வகைப்பாட்டில், 2018இல் நடைமுறைக்கு வந்த 8ஆம் பதிப்பு இந்த ஆழத்தையும் சேர்த்துக்கொண்டது. அதன்படி 1.5 செ.மீ. கட்டி 5 மி.மீ.க்குள் நின்றால் டி1, 7 மி.மீ. இறங்கியிருந்தால் டி2.

ஆழம் கூடக்கூட, கழுத்தின் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவும் வாய்ப்பும் கூடுகிறது. கழுத்தில் நெறி தென்படும்வரை காத்திருக்கலாமா என்பது மருத்துவர்களிடையே நெடுங்கால விவாதம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 500 நோயாளிகளின் முடிவுகளைக் கொண்டு 2015இல் அதற்கு விடை தந்தது. ஆரம்பநிலை வாய்ப்புற்றில், முடிச்சுகளை முதலிலேயே அகற்றியவர்களில் 3 ஆண்டு உயிர்வாழ்வு 80 சதவீதம், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். உலகின் நடைமுறையையே திருத்திய இந்திய ஆய்வு இது. அதற்கு வேண்டிய அளவு நோயாளிகள் நம்மிடம் இருந்தார்கள் என்பதில் பெருமைப்பட ஏதுமில்லை.

முடிச்சின் உறையைக் கிழித்து வெளியே பரவிய புற்று மிகவும் அஞ்சத்தக்கது. வெட்டிய விளிம்பிலேயே புற்றணுக்கள் இருப்பதும் அப்படியே. இவ்விரண்டில் ஒன்று இருந்தால், உடல்நிலை இடங்கொடுக்கும்போது, கதிர்வீச்சோடு கீமோதெரபியும் சேர்க்கப்படும். நரம்பைச் சுற்றிப் படர்ந்திருக்கிறதா, கட்டியின் முகப்பு ஒரே திரளாக நகர்கிறதா, சிறு சிறு கொத்துகளாகச் சிதறுகிறதா என்பனவும் கவனிக்க வேண்டியவை. எல்லோரும் முதலில் தேடும் ‘கிரேடு’, என் மதிப்பில், இவற்றுக்கெல்லாம் பின்னால் வருவது. ஒரே சில்லைப் பார்க்கும் இரு மருத்துவர்கள் அதில் மாறுபடுவது உண்டு.

அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவையெனில் 6 வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு ஒவ்வோர் அலைச்சலும் ஒரு நாள் கூலி. ஆகவே, சிகிச்சையைத் தொடரக் கோவைக்கோ வேறு ஊருக்கோ செல்வோர், அறிக்கையோடு கண்ணாடிச் சில்லுகளையும் திசு பதித்த மெழுகுக் கட்டிகளையும் முன்னதாகவே கேட்டுப் பெற வேண்டும். ஆழம் குறிக்கப்படாத அறிக்கையாயினும், அந்தச் சில்லுகளைப் பார்த்தோ மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாகச் சீவியோ பெரும்பாலும் அளந்துவிடலாம். கட்டி பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும்.