மலிவு ப்ரொசஸரும் அதன் சூடும்: 1998ஆம் ஆண்டுக் கதை, எமது பழைய கணினிகளுக்கு ஒரு பாடம்

கண்டி, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளைப் பக்கத்து உறவுகளே,

2022 ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், சில மாதங்களிலேயே 360 ரூபா வரை போனது எமக்கெல்லாம் நினைவிருக்கும். அன்றிலிருந்து புதுக் கணினி வாங்குவது பல வீடுகளுக்குக் கைக்கெட்டாத காரியமாகிவிட்டது. பத்து வருடப் பழைய மெஷினை வைத்துத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். "ஓவர்க்ளொக் பண்ணினால் வேகம் கூடுமாமே?" என்று அவர்கள் கேட்கும்போது, ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒவ்வொரு ப்ரொசஸரும் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. ஒரு செக்கனுக்கு எத்தனை தாளம் என்பதையே மெகாஹேர்ட்ஸில் சொல்கிறோம். கம்பனி குறித்த அளவைத் தாண்டி அந்தத் தாளத்தை வேகப்படுத்துவதுதான் ஓவர்க்ளொக்கிங்.

1998இல் இன்டெல் கம்பனிக்கு ஒரு நெருக்கடி இருந்தது. ஆயிரம் டொலருக்குக் குறைந்த கணினிகளுக்குக் கிராக்கி கூடியது. அந்தச் சந்தையில் ஏஎம்டி கம்பனி முன்னேறிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக இன்டெல் 1998 ஏப்ரலில் செலரோன் என்ற மலிவு ப்ரொசஸரை இறக்கியது. விலையைக் குறைப்பதற்காக அதன் இரண்டாம்நிலை கேஷ் நினைவகத்தை முழுதாகவே எடுத்துவிட்டிருந்தார்கள். அது மந்தமாக ஓடியது. விமர்சகர்கள் கேலி செய்தார்கள்.

அதே ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் திகதி செலரோன் 300ஏ வந்தது. இம்முறை 128 கிலோபைட் கேஷை ப்ரொசஸர் சில்லுக்குள்ளேயே வைத்தார்கள். அளவு சிறிதென்றாலும் அது ப்ரொசஸரின் முழு வேகத்தில் ஓடியது. விலை உயர்ந்த பென்டியம் 2இல் 512 கிலோபைட் கேஷ் இருந்தது. ஆனால் அது சில்லுக்கு வெளியே இருந்ததால் பாதி வேகத்தில்தான் ஓடியது.

அன்றைய மொத்த விலையில் செலரோன் 300ஏ 149 டொலர். அதே நாளில் வெளியான பென்டியம் 2 450 மெகாஹேர்ட்ஸ் 669 டொலர். அப்போது ஒரு டொலர் சுமார் 65 ரூபா. அப்படியென்றால் ஒன்று பத்தாயிரம் ரூபாவுக்குள், மற்றது நாற்பத்து மூவாயிரத்துக்கு மேல்.

மலிவானதை விலை உயர்ந்ததன் வேகத்துக்குக் கொண்டுவர ஒரு வழி இருந்தது. ப்ரொசஸரின் வேகம் என்பது மதர்போர்டின் பஸ் வேகத்தை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி வருவது. 300ஏயின் பெருக்கெண்ணை 4.5 என்று இன்டெல் பூட்டியிருந்தது. பஸ் வேகம் 66, பெருக்கினால் 300. பஸ்ஸை 100 ஆக்கினால் அதே 4.5இல் 450 வரும். 100இல் ஓடக்கூடிய 440பிஎக்ஸ் மதர்போர்டுகள் அப்போது சந்தையில் இருந்தன. அபிட் பிஎச்6 போன்றவற்றில் பயோஸ் திரையிலேயே இதை மாற்றலாம். அந்த வசதி இல்லாத சில போர்டுகளில், ப்ரொசஸர் அட்டையின் பி21 என்ற தொடுமுனையைச் சின்னத் துண்டு டேப்பால் மூடி 100க்குக் கொண்டுவந்தார்கள்.

100 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. ஏனைய அட்டைகள் பொருந்தும் பிசிஐ 33இல் ஓட வேண்டும். 66ஐ இரண்டால் பிரித்தாலும், 100ஐ மூன்றால் பிரித்தாலும் 33தான். 83இல் வைத்தால் பிசிஐ 41க்கு ஏறி, ஹார்ட் டிஸ்க்கில் தரவு கெட்டுப்போகும் ஆபத்து வந்தது.

பாதி வேகம் கூடியும் அது தாங்கியதற்குக் காரணம், உற்பத்தி நன்றாகப் பண்பட்டிருந்ததுதான். 300 என்று முத்திரை குத்தப்பட்ட பல சில்லுகளுக்கு 450இல் ஓடும் வலு இருந்தது. மலிவுச் சந்தைக்குப் பொருள் தேவைப்பட்டதால் அவற்றுக்குத் தாழ்ந்த முத்திரை விழுந்தது. ஆசிரியர்களான எமக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். ஒரு புள்ளியை வைத்துப் பிள்ளையின் எல்லையை முடிவு செய்யும் பழக்கம் எம்மிடமும் இருக்கிறது.

எல்லாச் சில்லும் 450ஐ எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்னொரு கறுப்புப் பக்கமும் உண்டு. 1990களில் சில வியாபாரிகள் குறைந்த வேகச் சில்லின் எழுத்தை அழித்து, கூடிய வேகத்தை அச்சிட்டு விற்றார்கள். பெருக்கெண்ணைப் பூட்டியதற்கு இந்த மோசடியும் ஒரு காரணம். தன் சொந்தப் பொருளை வேகப்படுத்துவது வேறு, பிறரை ஏமாற்றி விற்பது வேறு. பின்னது நிறுவையில் கள்ளம் செய்வதற்குச் சமம்.

இந்த வேகத்துக்குக் கொடுக்கும் விலைதான் சூடு. ப்ரொசஸரின் சூடு வேகத்தோடு நேராகக் கூடும். வோல்ட்டேஜோடு இருமடியாகக் கூடும். 300ஐ 450 ஆக்கினால் சூடு ஒன்றரை மடங்கு. அது நிலையாக ஓட வேண்டுமென்று 2.0 வோல்ட்டை 2.2 ஆக்கினால் சுமார் 1.8 மடங்கு. அதனால்தான் பெரிய ஹீட் சிங்க், இரட்டை ஃபேன் என்று தேடினார்கள். சிலர் மின்சாரத்தால் குளிரும் பெல்டியர் தகடும் வைத்தார்கள். கண்டி போன்ற ஈரப்பதன் கூடிய ஊரில் அது ஆபத்து. அறைக்காற்றைவிட மிகக் குளிர்ந்த பொருளில், ஐஸ் தண்ணீர்க் கிளாஸில் போல, நீர் முத்து முத்தாகப் படியும். மின்சுற்று ஷோர்ட் ஆகும்.

சாதாரண ஃபேனால் ப்ரொசஸரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஆகவே கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், கொழும்பைவிடக் குளிர்ந்த கண்டியில் இருப்பதே எமக்கு ஒரு சிறு அனுகூலம்.

பின்னாளில் சூட்டைக் கண்காணிக்கும் வேலையை ப்ரொசஸரே ஏற்றுக்கொண்டது. 2000இல் வந்த பென்டியம் 4 அளவுக்கு மீறிச் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்தது. 2008இலிருந்து இன்டெலின் டேர்போ பூஸ்ட், சூட்டுக்கு இடமிருந்தால் வேகத்தைத் தானே கூட்டவும் செய்கிறது.

எமது கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. வீட்டிலுள்ள பெரும்பாலான பழைய இன்டெல் ப்ரொசஸர்கள் பூட்டப்பட்டவை. ஓவர்க்ளொக் செய்ய இடமில்லை. ஆனால் தூசி அடைத்து, தேர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருந்தால், அது தனக்குரிய வேகத்தைக்கூடத் தராமல் தன்னைத்தானே அடக்கிக்கொண்டு ஓடும். அந்த வேகத்தை மீட்க அதிகம் செலவாகாது.

மின்சாரத்தைக் கழற்றிவிட்டு மூடியைத் திறவுங்கள். ஃபேனின் இதழைக் கையால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். ஹீட் சிங்க்கைக் கழற்றி, பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தோய்த்த துணியால் துடையுங்கள். பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, மூலைக்கு மூலை மாறி மாறி இறுக்குங்கள். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் காற்றுப் போக இடம் விடுங்கள்.

பிறகும் மந்தமாக இருந்தால் ரெம், எஸ்எஸ்டி பற்றி யோசிக்கலாம். இதையெல்லாம் பார்க்காமல் பழைய மெஷினை இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். திறந்து பார்க்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் படமாகப் பார்ப்பதை அது கையால் தொட்டுப் பார்க்கட்டும்.