மண் கோப்பையும் வெள்ளரி சாண்ட்விச்சும்

ஞாயிறு காலையில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் பின்பக்க மைதானத்தில் ஆடும்போது, ஒரு இன்னிங்ஸ் முடிந்ததும் யார் வீட்டிலிருந்தாவது எலுமிச்சைச் சாறும் பிஸ்கட்டும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டத்தின் நடுவே உட்கார்ந்து சாப்பிடும் இந்தப் பழக்கம் வேறு எந்த விளையாட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்? கால்பந்தில் பதினைந்து நிமிடம் ஓய்வு, அவ்வளவுதான். கிரிக்கெட்டில் மட்டும் தேநீருக்கென்று சட்டப் புத்தகத்திலேயே இடைவேளை ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் தேநீர் இல்லை, பீர்தான். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஹாம்பிள்டன் என்ற கிராமத்துக் கிளப் பெரும் புகழோடு இருந்தது. அதன் முக்கியஸ்தர் ரிச்சர்ட் நைரன், மைதானத்துக்கு எதிரிலேயே 'பேட் அண்ட் பால்' என்ற விடுதியை நடத்தியவர். ஆட்டம் பார்க்க வரும் கூட்டத்துக்குச் சாப்பாடும் மதுவும் அங்கிருந்துதான். அவருடைய மகன் ஜான் நைரன் 1833-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் ஆட்டக்காரர்களைப் புகழ்ந்த அளவுக்கு அந்த விடுதியின் பீரையும் புகழ்ந்திருக்கிறார்.

பீர் போய்த் தேநீர் வந்ததற்குச் சில காரணங்கள் ஒன்று சேர்ந்தன. 1839-இல் அஸ்ஸாம் தேயிலை முதன்முறையாக லண்டனில் ஏலம் போனது. பிறகு இலங்கைத் தேயிலையும் சேர, அந்த நூற்றாண்டின் முடிவுக்குள் ஏழைத் தொழிலாளி வீட்டிலும் தேநீர் சாதாரணமாகிவிட்டது. (இலங்கைத் தோட்டங்களில் அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் திருச்சி, சேலம், திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து போன நம் மக்கள். இங்கிலாந்துக் கிராமத்து மைதானத்துக் கோப்பையில் அவர்கள் வியர்வையும் இருந்தது.) இரண்டாவது காரணம் சனிக்கிழமை அரை நாள். 1850-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் இளம் தொழிலாளர்களுக்கும் சனிக்கிழமை மதியம் 2 மணியோடு வேலை முடிந்தாக வேண்டும். நடைமுறையில் ஆண்களுக்கும் அந்த ஓய்வு மெல்ல மெல்லக் கிடைத்தது. மதியத்துக்கு மேல் தொடங்கி இருட்டுவதற்குள் முடிகிற ஆட்டத்தில், இரண்டு இன்னிங்ஸுக்கு நடுவே விழுவது தேநீர் வேளைதான்.

அந்த மேசையில் என்ன இருக்கும்? முதல் இடம் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுக்கு. காகிதம் போல மெல்லியதாக நறுக்கிய வெள்ளரி, ஓரம் வெட்டிய ரொட்டி. ரொட்டியின் இரண்டு துண்டுகளிலும் வெண்ணெயை நன்றாகத் தடவ வேண்டும். ருசிக்கு மட்டுமல்ல, வெள்ளரியின் தண்ணீர் ரொட்டியில் இறங்கிச் சொதசொதவென்று ஆகிவிடாமல் தடுப்பதும் அந்த வெண்ணெய்தான். அடுத்து, வேகவைத்த முட்டையை மசித்து, கிரெஸ் என்ற சிறு கீரையோடு சேர்த்த சாண்ட்விச். பன்றி இறைச்சி வகைகள் உண்டு, நமக்கு வேண்டாம். ஸ்கோன் என்று ஒன்று, பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே நிற்கிற பண்டம், அதன்மேல் ஜாமும் கெட்டியான பாலாடையும். கடைசியாக விக்டோரியா கேக், மகாராணி பெயரில். இரண்டு அடுக்குக்கு நடுவே ராஸ்பெர்ரி ஜாம். 1843-இல் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த மாதிரி கேக் சாதாரண வீட்டு அடுப்பிலும் உப்பி வந்தது. தன் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாததால் அவர் இதைச் செய்தார் என்பார்கள். தேநீர், நம் கல்யாண மண்டபத்தில் காபிக்கு வைப்பார்களே, அது போலக் குழாய் வைத்த பெரிய பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. தேநீருக்குப் பிறகு பந்து வீசப் போகிற அணி மூன்று ஸ்கோனும் நாலு சாண்ட்விச்சும் சாப்பிட்டுவிட்டு இறங்கினால் கதி என்ன? பேட் செய்யப் போகிற அணியிலோ, முதல் இருவர் கால்காப்பைக் கட்டிக்கொண்டு வெறும் தேநீரோடு நிற்க, ஒன்பதாம் பத்தாம் ஆட்கள் தட்டை நிரப்புவார்கள். கடைசி ஆட்டக்காரராக இருப்பதில் அப்படி ஒரு லாபம்.

இத்தனையையும் செய்தது யார்? ஆட்டக்காரர்களின் மனைவிகள், தாய்மார்கள், சகோதரிகள். முறை வைத்துப் பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். வெளியூர் அணி, நடுவர்கள், ஸ்கோர் எழுதுபவர்கள் எல்லோரையும் சேர்த்து 26 பேருக்குக் குறையாமல் சனிக்கிழமைதோறும் சாண்ட்விச் செய்வது சின்ன வேலையா? சாமான் செலவு கணக்கில் வரும், உழைப்பு எந்தப் பேரேட்டிலும் வராது. லார்ட்ஸ் மைதானத்தின் எம்.சி.சி. கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க வாக்களித்ததே 1998-இல்தான். கிளப் தொடங்கி 211 வருடம் கழித்து!

இனி நம் நாட்டுக்கு வருவோம். தேநீர் மேசை என்றால் அதில் யார் உட்காரலாம் என்ற கேள்வி இங்கே உடனே எழுந்துவிட்டது. 1890-களில் பூனாவில் பல்வங்கர் பாலு என்ற இளைஞர் வெள்ளைக்காரர்களின் ஜிம்கானாவில் மாதம் 4 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆடுகளம் உருட்டி, வலை கட்டி, ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசி வந்தார். ஜே.ஜி. கிரெய்க் என்ற அங்கிருந்த சிறந்த பேட்ஸ்மேன், தன்னை ஒவ்வொரு முறை அவுட் ஆக்கும்போதும் பாலுவுக்கு 8 அணா கொடுத்ததாக ஒரு கதை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு முறை ஆக்கினால் ஒரு மாதச் சம்பளம்.

பாலு தலித் சமூகத்தைச் சேர்ந்தவர். அவருடைய இடக்கைச் சுழற்பந்து இல்லாமல் வெள்ளையர்களை ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பூனா இந்துக்கள் தங்கள் அணியில் அவரைச் சேர்த்தார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தாங்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் மற்றவர்களுக்குக் கூடாரத்தின் உள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற மண் கோப்பை. சாப்பாட்டுக்கும் தனித் தட்டு, தனி மேசை. ஒரே பந்து, ஒரே வெற்றி, கோப்பை மட்டும் வேறு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. பின்னாளில் பாலு பம்பாய்க்குப் போனார். 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன இந்திய அணியில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 114. காலப்போக்கில் சக ஆட்டக்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் நிலையும் வந்தது. அவருடைய தம்பி விட்டல் 1923-இல் இந்துக்கள் அணிக்குத் தலைவரே ஆனார். அந்த இடத்துக்கு வர அந்தக் குடும்பம் எத்தனை விக்கெட் எடுக்க வேண்டியிருந்தது, பாருங்கள்.

நம் சென்னையும் சளைத்ததல்ல. 1846-இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியர்களுக்கானது. சேப்பாக்கத்தில் ஆட வந்த இந்தியர்களுக்கு உள்ளே இடமில்லை, அவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றும், அதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்றும் சொல்வார்கள். இன்றும் நடக்கிற புச்சி பாபு போட்டி அவர் பெயரில்தான். ஊர் கிரிக்கெட்டின் வேர், ஒரு வகையில், சாப்பாட்டு வேளையில் பட்ட அவமானத்தில் இருக்கிறது.

இங்கிலாந்தில் அந்தத் தேநீர் இரண்டாம் உலகப்போரையும் தாண்டியது. 1940 ஜூலையில் தேயிலைக்கு ரேஷன் வந்தது, ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம். 1952 அக்டோபர் வரை அந்தக் கட்டுப்பாடு நீடித்தது. பிறகு நம் நாட்டிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் குடியேறியவர்கள் கிளப்புகளில் சேர, வெள்ளரி சாண்ட்விச்சுக்குப் பக்கத்தில் சமோசாவும் பக்கோடாவும் வந்து உட்கார்ந்தன. எந்தத் தட்டு முதலில் காலியாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

போரில் தப்பிய மேசையைக் கொரோனா மடக்கியது. 2020 ஜூலையில் கிளப் கிரிக்கெட்டுக்கு அனுமதி கிடைத்தபோது, பொதுத் தேநீர் கூடாது, அவரவர் உணவை அவரவர் கொண்டுவர வேண்டும் என்று விதி வந்தது. நோய் தணிந்த பிறகு பல லீக்குகளில், தேநீர் தருவது இனிக் கட்டாயமில்லை என்று கிளப்புகளே வாக்களித்தன. செலவு ஒரு காரணம், செய்ய ஆள் கிடைக்காதது இன்னொரு காரணம். பாரம்பரியம் போச்சே என்று புலம்பிப் பத்திரிகைகளில் நிறைய எழுதினார்கள். இத்தனை வருடம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிய பெண்களில் எத்தனை பேர் அதற்காக வருத்தப்பட்டிருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகமே. சில கிளப்புகளில் இப்போது ஆட்டக்காரர்களே முறை வைத்துக்கொண்டு செய்கிறார்களாம். வேறு சிலவற்றில், ஆளுக்கொரு டப்பாவோடு தனித்தனி மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.