அட்டையில் எழுதாத ஆட்டம்

1968 ஏப்ரல் 14. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தில் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாள். அர்ஜென்டினா வீரர் ரொபெர்த்தோ தெ விசென்ஸோவுக்கு அன்று 45ஆவது பிறந்தநாள். நான்கு ஷாட்டில் முடிக்க வேண்டிய முதல் குழியை இரண்டே ஷாட்டில் முடித்தார். 18 குழிகளும் முடிந்தபோது அவர் அடித்திருந்தது 65. அமெரிக்கர் பாப் கோல்பியோடு சமநிலை. மறுநாள் இருவரும் பிளே-ஆஃப் ஆடியிருக்க வேண்டும்.

ஆடவில்லை. கோல்ஃபில் நம்முடைய ஸ்கோரை நாமே எழுதுவதில்லை. கூட ஆடுபவர் எழுதுவார். நாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 17ஆவது குழியை தெ விசென்ஸோ மூன்று ஷாட்டில் முடித்தார். கூட ஆடிய டாமி ஆரன் அட்டையில் நான்கு என்று எழுதிவிட்டார். தெ விசென்ஸோ அதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். உண்மையைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்திட்டால் தகுதிநீக்கம். கூடுதலாக எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் எண்ணே நிற்கும். இதுதான் விதி. மைதானத்தில் நின்ற கூட்டமும் டிவி பார்த்தவர்களும் கண்ணால் கண்டது மூன்று. ஆனாலும் 65 என்பது 66 ஆனது. மொத்தம் 278. கோல்பி 277-இல் ஜெயித்தார்.

சரி, அன்று தெ விசென்ஸோ ஆடியது எத்தனை? அட்டை 66 என்கிறது. பார்த்தவர்கள் 65 என்கிறார்கள். நல்ல ஆட்டம் என்று எதை வைத்துச் சொல்வது என்ற கேள்வி கோல்ஃபுக்கு 250 வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒரு புது அளவுகோலைக் கண்டுபிடித்தது; ஒவ்வொரு அளவுகோலும் எதையோ வெளியே விட்டது. கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளலாம். நாம் எல்லாருமே இன்று ஏதோ ஒரு எண்ணால் அளக்கப்படுகிறவர்கள்தானே.

ஆரம்பத்தில் கூட்டுத்தொகை என்ற ஒன்றே முக்கியமாக இல்லை. 1744இல் எடின்பரோவை ஒட்டிய லீத் மைதானத்தில் ஒரு வெள்ளி மட்டைக்காகப் போட்டி நடத்த 13 விதிகளை எழுதினார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கோல்ஃப் விதிகள் அவைதான். பந்தை மனிதரோ குதிரையோ நாயோ தடுத்து நிறுத்தினால், நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. அன்று பரவலாக ஆடப்பட்டது மேட்ச் பிளே: எனக்கு எதிரே நீ. இந்தக் குழியை யார் குறைந்த ஷாட்டில் முடித்தது? அவருக்கு அந்தக் குழி. அடுத்ததற்குப் போ. ஒரு குழியில் நீங்கள் 12 ஷாட் அடித்துச் சொதப்பினாலும் நஷ்டம் ஒரு குழிதான். ‘நல்லா ஆடினேனா?’ என்ற கேள்விக்கு ‘பக்கத்தில் இருந்தவனை ஜெயித்தேனா?’ என்பதே பதில்.

எல்லா ஷாட்டையும் கூட்டிப் பார்க்கும் ஸ்ட்ரோக் பிளே பற்றிய முதல் குறிப்பு 1759இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் கிடைக்கிறது. இரண்டு பேர் மோத மேட்ச் பிளே போதும். நிறையப் பேரை ஒரே நாளில் வரிசைப்படுத்த கூட்டுத்தொகைதான் வசதி. 1860இல் பிரெஸ்ட்விக்கில் எட்டுப் பேரோடு முதல் ஓபன் நடந்தபோது இந்த முறையைத்தான் வைத்தார்கள். 12 குழி மைதானத்தை மூன்று முறை சுற்றி, 174 ஷாட்டில் வில்லி பார்க் ஜெயித்தார். அதாவது, வரிசைப்படுத்த வேண்டியிருந்ததால் வந்த எண் இது. ஆட்டத்தின் தரத்தை அளக்க வந்ததில்லை. நிர்வாக வசதிக்காக வந்த எண் மெல்ல ‘ஆட்டம் என்றாலே அதுதான்’ என்று ஆகிவிட்டது.

ஆனால் 174 நல்ல எண்ணா, மோசமான எண்ணா? தனியாகப் பார்த்தால் தெரியாது. ஒப்பிட ஏதாவது வேண்டும். 1870 ஓபனுக்கு முன்னால் ஏ.எச்.டோல்மன் என்ற கோல்ஃப் எழுத்தாளர் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களிடம், பிரெஸ்ட்விக்கில் பிழையே இல்லாமல் ஆடினால் எத்தனை ஷாட் ஆகும் என்று கேட்டார். 12 குழிக்கு 49 என்றார்கள். பங்குச்சந்தையில் ஒரு பங்கின் இயல்பு மதிப்பைக் குறிக்கும் ‘பார்’ என்ற சொல்லை டோல்மன் அதற்கு வைத்தார். மூன்று சுற்றுக்கு 147. அந்த வருடம் யங் டாம் மாரிஸ் அடித்தது 149. இரண்டாவதாக வந்தவரைவிட 12 ஷாட் குறைவு. ‘பிழையே இல்லாத’ ஆட்டத்தைவிட இரண்டே கூடுதல். அந்த 149 எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணை வைத்துச் சொல்ல முதன்முதலாக ஒரு வழி கிடைத்தது.

இங்கிலாந்தில் இதே யோசனை வேறு உருவத்தில் வந்தது. 1890 வாக்கில் கவென்ட்ரியில் ஹ்யூ ராதரம் என்பவர் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நல்ல ஆட்டக்காரர் எடுக்கும் ஷாட்டை நிர்ணயித்து, எல்லாரும் அதை எதிர்த்து ஆடலாம் என்றார். அந்தக் கண்ணுக்குத் தெரியாத எதிராளிக்கு, அப்போது பிரபலமாக இருந்த பூச்சாண்டிப் பாட்டு ஒன்றிலிருந்து ‘போகி’ என்று பெயர் வந்தது. 1892இல் கோஸ்போர்ட் ராணுவ கிளப்புக்கு அவர் போனபோது ஒரு சிக்கல்: அங்கே உறுப்பினராக ராணுவப் பதவி வேண்டும். சரி, கர்னல் ஆக்கிவிடுவோம் என்று கர்னல் போகி ஆக்கினார்கள். 1914இல் அந்தப் பெயரில் ஒரு ராணுவ அணிவகுப்பு இசை வந்தது. 1957இல் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் கைதிகள் விசிலடித்துக்கொண்டு வருவது அதைத்தான். ஆயிரக்கணக்கில் தமிழ்த் தொழிலாளர்கள் மாண்ட சயாம்-பர்மா ரயில்பாதையைப் பற்றிய கதை. படம் பிடித்தது இலங்கையில். மலாயாத் தோட்டங்களிலிருந்து போய்த் திரும்பாத அந்த மனிதர்கள் படத்தின் கணக்கில் வரவே இல்லை. எதை எண்ணுகிறோம், எதை விடுகிறோம் என்பது மைதானத்தோடு முடிகிற பிரச்சினை இல்லை.

கர்னலுக்கு நடந்ததுதான் வேடிக்கை. ரப்பர் உள்ளுடைய புதுப் பந்துகள் வந்தன, பந்து இன்னும் தூரம் போனது. அமெரிக்கர்கள் 1911இல் குழியின் தூரத்தை வைத்து பார் எத்தனை என்று கறாராக வரையறுத்தார்கள். பழைய போகி ஸ்கோர்கள் இறங்கவே இல்லை. விளைவு, ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரரின் அளவாக இருந்த போகி, இன்று பாரைவிட ஒன்று கூட எடுத்தால் சொல்லும் பெயர். ஆட்டம் மாறவில்லை, அளவுகோல் நகர்ந்தது. அதனாலேயே நேற்றைய ‘நல்லது’ இன்றைய ‘தப்பு’ ஆகிவிட்டது.

அளவுகோல் கறாரானால் சாதாரண ஆட்டக்காரர் என்ன ஆவார்? லிவர்பூல் அருகே வாலஸியில் ஆடிய ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற மருத்துவருக்கு இந்தக் கவலை. கடல் காற்று வீசும் மைதானம். முதல் இரண்டு குழியில் எட்டு, ஒன்பது என்று போனால் அட்டையைக் கிழித்துப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1932 மே 16 அன்று அவர் முறையில் முதல் போட்டி நடந்தது. கணக்கைத் தலைகீழாக்கினார்: ஷாட்டை எண்ணாதே, புள்ளி சேர். இன்றைய வடிவில், பாருக்கு 2, ஒன்று கூடினால் 1, ஒன்று குறைந்தால் 3. எவ்வளவு மோசமாகப் போனாலும் ஒரு குழியில் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். மன்னிக்கத் தெரிந்த அளவுகோல் என்று இதை நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு மன்னிப்பு ஹேண்டிகேப். 2020இல் வந்த உலக ஹேண்டிகேப் முறை உங்கள் கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதிலும் வெறும் ஸ்கோரை எடுப்பதில்லை. மைதானம் தேர்ந்த ஆட்டக்காரருக்கு எவ்வளவு கடினம், சாதாரண ஆளுக்கு அதைவிட எவ்வளவு கூடுதல் கடினம் என்று இரண்டு எண் வைத்திருக்கிறார்கள். இரண்டாவதற்குப் பெயர் ஸ்லோப், சராசரி 113. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மதிப்பு 72, ஸ்லோப் 135 உள்ள மைதானத்தில் நீங்கள் 95 அடிக்கிறீர்கள். 95-இலிருந்து 72 போனால் 23. அதை 113-ஆல் பெருக்கி 135-ஆல் வகுத்தால் சுமார் 19.3. உங்கள் நண்பர் மதிப்பு 68, ஸ்லோப் 105 உள்ள இடத்தில் 92 அடிக்கிறார். அவருக்கு 25.8. உங்கள் 95 அவருடைய 92-ஐவிட நல்ல ஆட்டம். அன்றைக்குக் காற்றும் மழையும் எல்லாருடைய ஸ்கோரையும் கெடுத்திருந்தால் அதற்கும் ஒரு திருத்தம் உண்டு. எல்லாரையும் ஒரே எண்ணால் அளந்துவிட்டு யாருக்கு எந்த மைதானம் கிடைத்தது என்று கேட்காத அப்ரைசல்களைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஃபார்முலா கொஞ்சம் பொறாமையைத் தரும்.

கடைசியாக வந்தது டேட்டா. பிஜிஏ டூர் லேசர் கருவிகளால் ஒவ்வொரு ஷாட்டும் எங்கே விழுந்தது என்று பதிவு செய்யத் தொடங்கியது. கொலம்பியா வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி அதை வைத்துக் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த இடத்திலிருந்து முடிக்க ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் சராசரியாக எத்தனை ஷாட் எடுக்கிறார்? எட்டடி தூரத்திலிருந்து 1.5. நீங்கள் ஒன்றில் போட்டால் அரை ஷாட் லாபம், இரண்டில் போட்டால் அரை ஷாட் நஷ்டம். 33 அடியிலிருந்து சராசரி 2. அங்கே இரண்டு எடுத்தால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. 2011இல் டூர் இதைப் புள்ளிவிவரத்தில் சேர்த்தது. ‘தூரம் அடிப்பது பகட்டு, பந்தைக் குழியில் தள்ளுவதுதான் காசு’ என்று காலங்காலமாகச் சொல்லிவந்ததை பிராடியின் கணக்கு கவிழ்த்தது: சிறந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருக்கும் வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்து ஷாட்களில்தான் வருகிறது.

எனக்கு இதில் பிடித்தது, ஒரு ஷாட்டை அது தொடங்கிய இடத்தை வைத்து மதிப்பிடுவது. யாரோ புதருக்குள் விட்ட பந்தை வெளியே எடுப்பது சின்ன வேலையாகத் தெரியும். பழைய கோடைத் திறந்து பிழை தேடியவர்களுக்குத் தெரியும் அது சின்ன வேலை இல்லையென்று.

இத்தனை அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு 1925க்குப் போவோம். வூஸ்டரில் அமெரிக்க ஓபன், முதல் சுற்று, 11ஆவது குழி. பாபி ஜோன்ஸ் சரிவில் புல்லுக்குள் கிடந்த பந்தை அடிக்கத் தயாரானபோது அது லேசாக நகர்ந்தது. கூட ஆடிய வால்டர் ஹேகன் பார்க்கவில்லை. அதிகாரிகளும் பார்க்கவில்லை, முடிவை அவரிடமே விட்டார்கள். பந்து நகர்ந்தது என்று சொல்லித் தனக்குத்தானே ஒரு ஷாட் அபராதம் போட்டுக்கொண்டார். கடைசியில் அவரும் வில்லி மாக்ஃபார்லேனும் 291இல் சமம். 18 குழி பிளே-ஆஃப் மறுபடியும் சமம். அடுத்த 18-இல் ஜோன்ஸ் ஒரே ஒரு ஷாட்டில் தோற்றார்.

அந்த ஒரு ஷாட்டை எங்கே எழுதுவீர்கள்? மேட்ச் பிளேயில் அது நஷ்டம். பார் கணக்கிலும் நஷ்டம். பிராடியின் கணக்கில் மைனஸ் ஒன்று. இதுவரை பார்த்த எந்த முறையிலும் அதற்குக் கட்டம் இல்லை. ஆகவே ‘ஸ்கோருக்கு அப்பால் இருக்கும் நேர்மை’ என்று சொல்லிவிட்டு நகரலாம். ஜோன்ஸ் அதை ஏற்கவில்லை. பாராட்டியவர்களிடம் அவர் சொன்னதன் சாரம்: வங்கியைக் கொள்ளையடிக்கவில்லை என்று ஒருவனைப் பாராட்டுவீர்களா?

ஜோன்ஸ் ஜார்ஜியா டெக்கில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர், பிறகு ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம். அவருடைய பதிலை நான் ஒரு இன்ஜினியரின் பதிலாகவே படிக்கிறேன். கருவி சரியாக இல்லாவிட்டால் அளவுக்கு அர்த்தம் கிடையாது. கோல்ஃபில் அந்தக் கருவி ஆட்டக்காரரேதான். பந்து நகர்ந்ததை அவர் சொல்லாவிட்டால் ஸ்கோர் ஒன்று குறைந்திருக்கும். ஆனால் அந்த எண் எதையும் அளந்திருக்காது. பார், ஹேண்டிகேப், லேசர் எல்லாமே பிற்பாடு வருபவை. அடியில் கிடப்பது, யாரும் பார்க்காதபோதும் ஒருவர் உள்ளதை உள்ளபடி எழுதுவார் என்ற நம்பிக்கை. எந்த டாஷ்போர்டிலும் இதே கதைதான். எண் மேலே ஏறினால் போதும் என்று ஆனபிறகு முதலில் போவது அந்த நம்பிக்கை. எண் அப்படியே அழகாக நிற்கும்.

ஆட்டம் முடிந்து திரும்பும் கோல்ஃபர்கள் ஸ்கோரைத் தாண்டிப் பேசுவதையும் இதோடு சேர்த்துக்கொள்கிறேன். ஆரம்பித்த பந்தோடே முடித்தேன், ஒரு குழியில்கூட மூன்று பட் போகவில்லை, காற்றில் ஒரு ஷாட் நினைத்த மாதிரியே வளைந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஏழு தப்பாவது வரும் என்று எதிர்பார்த்தே இறங்குவேன் என்பார் ஹேகன். எட்டாவது வரும்வரை அவருக்கு நல்ல நாள்தான். இதையெல்லாம் சொன்னால் நம்ப, கூட நடந்த ஒருவர் வேண்டும். அட்டையை எதிராளி கையில் கொடுத்த அந்தப் பழைய ஏற்பாட்டில் இதுவும் அடங்கியிருக்கிறது. நம் நல்ல ஆட்டத்துக்கு இன்னொருவர் சாட்சி.

தெ விசென்ஸோ தோற்ற அன்று டாமி ஆரனைக் குறை சொல்லவில்லை, விதியைக் குறை சொல்லவில்லை. சரிபார்க்க வேண்டியது என் வேலை, முட்டாள்தனம் என்னுடையது என்றார். எழுதியது தப்பு, கையெழுத்து தன்னுடையது; இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மனிதர். 1970இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம், ஆட்டப் பண்புக்காக வழங்கும் தன் விருதை அவருக்குக் கொடுத்தது.

அந்த விருதின் பெயர் பாப் ஜோன்ஸ் விருது.