கரும்பு இனக்கலப்பு

கரும்பு இனக்கலப்பு என்பது ஒரு கரும்பின் மகரந்தத்தை வேறொரு கரும்பின் சூல்முடியில் சேர்த்து, அதனால் உண்டாகும் விதையை முளைக்கவைத்து, நாற்றுகளிலிருந்து புதிய வகையைத் தேர்ந்தெடுக்கும் முறை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோசிலும் தொடங்கியது. 1912 முதல் கோயம்புத்தூரில் வளர்ந்தது. இன்று உலகில் ஆலைக்கு வெட்டப்படும் கரும்பு ஏறத்தாழ முழுவதும் கலப்பினமே.

கரணையும் விதையும்

உழவர் கரும்பை விதைப்பதில்லை, கரணை நடுகின்றனர். தண்டின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு பரு உண்டு. பரு முளைத்து வளரும் பயிர் தாய்க்கரும்பின் அச்சு அசலான மறுபிறப்பு. மரபுக்கூறுகளில் மாற்றம் இராது. வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்புப் பயிருக்கும் இது பொருந்தும். இதனால் நல்ல வகை ஒன்று கிடைத்துவிட்டால் அதன் இனிப்பும் பருமனும் தலைமுறைதோறும் மாறாமல் நிற்கும். அதன் குறைகளும் அப்படியே தொடரும். அந்த வகையைத் தாக்கும் நோய் ஒன்று வந்துவிட்டால், வயல் முழுவதும் ஒரே மரபுடையதாக இருப்பதால், தப்பிப் பிழைக்கும் செடி அரிது.

விதைவழிப் பெருக்கம் இதற்கு நேர்மாறானது. மகரந்தமும் சூலும் உருவாகும் குன்றல் பிரிவின்போது குரோமோசோம்கள் பாதியாகப் பிரிந்து, மரபணுக்கள் புதிய சேர்க்கைகளில் அமைகின்றன. ஒரே பூக்கதிரின் விதைகளில் முளைத்த நாற்றுகள்கூட ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. இவ்விரு வழிகளையும் இணைத்ததே கரும்பு இனக்கலப்பு: விதையால் வேறுபாட்டை உண்டாக்கி, தேறிய ஒரு நாற்றைக் கரணையால் பெருக்குவது.

விதை கண்டறியப்பட்டமை

கரும்பு பூப்பது பழங்காலந்தொட்டே அறியப்பட்டது. ஆனால் அதன் விதை முளைக்காது என்றே தோட்ட முதலாளிகளும் தாவரவியலாளரும் நெடுங்காலம் நம்பினர். பஞ்சு போன்ற மயிர்களுக்கிடையே மறைந்திருக்கும் விதை மிகச் சிறியது. முளைத்த நாற்றும் புல்லிலிருந்து வேறுபடுத்த முடியாதபடி இருக்கும். 1858இல் பார்படோசில் நாற்றுகள் முளைத்ததாகச் செய்தி வந்தும் அது தொடர்ந்து ஆராயப்படவில்லை. 1887–88இல் ஜாவாவில் சோல்ட்வெடலும், பார்படோசில் ஹாரிசன், பொவெல் ஆகியோரும் தனித்தனியே கரும்பு விதை முளைக்கும் என்று நிறுவினர். மெண்டலின் பட்டாணி ஆய்வு 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வருவதற்கு முன்பே இப்பணி தொடங்கிவிட்டது.

இதற்கு ஒரு நெருக்கடியும் காரணமாக இருந்தது. 1880களில் செரே என்னும் நோய் ஜாவாவின் கருஞ்செரிபோன் கரும்பை வளரவிடாமல் குறுக்கி அழித்தது. அன்றைய தடித்த, இனிப்பு மிகுந்த ஆலைக்கரும்புகள் எல்லாம் சக்காரம் அஃபிசினாரம் என்ற ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்குள் மட்டும் கலந்துபார்த்ததால் நோயைத் தாங்கும் திறன் போதிய அளவு கிடைக்கவில்லை. காட்டுக்கரும்பான சக்காரம் ஸ்பான்டேனியம் அதைத் தந்தது. ஆற்றங்கரைகளில் நாணலாக வளரும் இப்புல்லில் சர்க்கரை மிகக் குறைவு. வறட்சி, வெள்ளம், நோய் ஆகியவற்றை எதிர்கொள்ளும் வலிமையோ மிகுதி. கலப்பினத்தை மீண்டும் மீண்டும் தடித்த கரும்போடு சேர்த்து, இனிப்பை மீட்டு வலிமையைத் தக்கவைக்கும் வழியை ஜாவாவில் யெஸ்வியட் செம்மைப்படுத்தினார். 1921இல் செய்த கலப்பில் பிறந்த பிஓஜே 2878 என்னும் வகை சில ஆண்டுகளிலேயே ஜாவாவின் கரும்பு வயல்களில் பெரும்பகுதியைப் பிடித்தது.

கோயம்புத்தூர்

இந்தியாவின் கரும்புப் பரப்பில் பெரும்பங்கு வடக்கே இருந்தது. அங்கே குளிரைத் தாங்கும் ஒல்லியான நாட்டுக்கரும்புகள் குறைந்த விளைச்சலே தந்தன; நாடோ ஜாவா சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. வடக்கில் கரும்பு சரிவரப் பூத்து விதை பிடிப்பதில்லை. கோயம்புத்தூரின் தட்பவெப்பத்தில் பல வகைகள் பூத்தன. காட்டுக்கரும்பும் அருகிலேயே வளர்ந்தது. எனவே வடநாட்டுக்கான கரும்பை உருவாக்கும் நிலையம் 1912இல் இங்கே அமைந்தது. அதன் முதல் வல்லுநர் சி. ஏ. பார்பர். வடநாட்டு ஒல்லிக்கரும்புச் சிற்றினத்துக்குப் பின்னாளில் சக்காரம் பார்பெரி என்று அவர் பெயரே இடப்பட்டது.

பார்பரும் அவரோடு பணியாற்றிய டி. எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்னும் தடித்த கரும்பைத் தாயாகவும் கோயம்புத்தூர்க் காட்டுக்கரும்பைத் தந்தையாகவும் கொண்டு செய்த கலப்பில் கோ 205 பிறந்தது. 1918இல் பஞ்சாபுக்கு வெளியிடப்பட்ட இவ்வகை, அங்கிருந்த ‘கத்தா’ கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. பார்பருக்குப் பின் பொறுப்பேற்ற வெங்கட்ராமன் 1942இல் ஓய்வுபெறும் வரை வகைகளைத் தொடர்ந்து உருவாக்கினார். 1956இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. நிலையம் 1969இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் வந்தது.

கலப்பு செய்யும் முறை

கரும்பின் பூக்கதிர் ஆயிரக்கணக்கான சிறு பூக்களைக் கொண்டது. ஒவ்வொன்றும் இருபால் பூ. அவற்றின் மகரந்தப்பைகளைத் தனித்தனியே நீக்குவது நடைமுறைக்கு ஒவ்வாது. அதனால் மகரந்தம் மலடாக உள்ள வகைகளைத் தாயாகக் கொள்கின்றனர். மகரந்தத்தை அயோடினில் இட்டுப் பார்த்தால், மாவுச்சத்து நிறைந்த வளமான மகரந்தம் கருநீலமாகும். மலட்டு மகரந்தம் நிறம் ஏற்காது. தாய்க்கதிரைத் துணிக்கூண்டால் மூடி, தந்தைக்கதிரை அதற்கு மேலே நிறுத்தி மகரந்தம் உதிரச்செய்வர். விதை முதிர்ந்ததும் பஞ்சோடு சேர்த்துத் தட்டுகளில் தூவி நாற்று வளர்ப்பர். இரு வகைகள் ஒரே நேரத்தில் பூப்பதற்காகப் பகல்நீளத்தைச் செயற்கையாக மாற்றுவதும் உண்டு. பல்லாயிரம் நாற்றுகளைக் கழித்துக் கழித்து ஒரு வகையைத் தேர்ந்தெடுக்க 10 முதல் 12 ஆண்டுகள் ஆகும்.

குரோமோசோம் ஆய்வு

தடித்த கரும்புக்கு 80 குரோமோசோம்கள். கோயம்புத்தூர்க் காட்டுக்கரும்புக்கு 64. இருபுறமும் பாதி சேர்ந்தால் குழந்தைக்கு 72 இருக்கவேண்டும். கோ 205இல் இருப்பவையோ 112. தாய் தன் 80ஐயும் முழுமையாகக் கொடுக்க, தந்தை மட்டுமே பாதியாக 32ஐக் கொடுத்திருக்கிறது. தடித்த கரும்பு தாயாகும் கலப்புகளில் நேரும் இவ்விதிவிலக்கை 1920களில் ஜாவாவில் பிரெமர் விளக்கினார். ஒரே கலப்பில் இனிப்பு பெருமளவு மீள்வதற்கு இது துணைபுரிந்தது.

1934இல் கோயம்புத்தூரில் சேர்ந்த ஈ. கே. ஜானகி அம்மாள் கரும்பையும் அதன் உறவுப்புற்களையும் குரோமோசோம் வழியே ஆராய்ந்தார். மக்காச்சோளத்தோடும் கரும்பைக் கலந்தார். பின்னர் இங்கிலாந்தில் டார்லிங்டனோடு இணைந்து 1945இல் பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேட்டை வெளியிட்டார். சோளத்தோடு செய்த கலப்பும் கோயம்புத்தூரில் நாற்றுகளைத் தந்தது. ஆயினும் இத்தகைய தொலைவினக் கலப்புகள் சாகுபடி வகையாக நிலைபெறவில்லை.

வகைகளின் பரவல்

கோ 281, கோ 290 ஆகியவை தென்னாப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவின் லூசியானாவுக்கும் சென்றன. தென்னாப்பிரிக்காவில் நோய்க்கு இரையான ‘உபா’ கரும்பின் இடத்தை அவை நிரப்பின. கோயம்புத்தூரில் கோ 421ஐயும் கோ 312ஐயும் கலந்த விதை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் முளைக்கவைக்கப்பட்டு என்கோ 310 ஆகி, பிற கண்டங்களுக்கும் பரவியது. தென்னிந்தியாவில், பிஓஜே 2878ஐயும் கோ 290ஐயும் பெற்றோராகக் கொண்ட கோ 419 நெடுங்காலம் கோலோச்சியது. கடலூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட கோசி 671 சர்க்கரைச் செறிவுக்குப் பெயர்பெற்றது; அதன் வழித்தோன்றலான கோ 86032, 2000இல் வெளியிடப்பட்ட பின் தமிழ்நாட்டின் முதன்மை வகையாயிற்று.

இன்றைய நிலை

இன்றைய கரும்பில் பொதுவாக 100 முதல் 130 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் காட்டுக்கரும்பின் பங்கு 10 முதல் 20 விழுக்காடு. இந்தச் சிறு பங்கும் சில காட்டுச்செடிகளிடமிருந்தே வந்தது. உலகின் கலப்பினங்கள் ஏறத்தாழ அனைத்தும் ஜாவா, கோயம்புத்தூர் மூதாதையர் சிலருக்கே வழித்தோன்றல்கள் என்பதால், புதிய கலப்புகளில் கிடைக்கும் வேறுபாடு குறைந்துவருகிறது. ஒற்றை வகையை நம்பும் ஆபத்தும் நீங்கவில்லை. கர்னாலில் உருவாகி 2009இல் வெளிவந்த கோ 0238 உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்தது. பின்னர் செவ்வழுகல் நோய்க்கு ஆளாகி, கைவிட வேண்டியதாயிற்று.

கேரளத்தின் கண்ணூரில் ஆயிரக்கணக்கான கரும்பு வகைகளும் உறவுப்புற்களும் கரணையாகப் பேணப்படுகின்றன. 2018இல் காட்டுக்கரும்பின் மரபணுத்தொகுதியும், 2024இல் ரியூனியன் தீவின் ஆர்570 கலப்பினத்தின் மரபணுத்தொகுதியும் படித்தறியப்பட்டன. விரும்பிய மரபணு நாற்றில் இறங்கியிருக்கிறதா என்பதை வயலில் விளையும்வரை காத்திராமல் கண்டறிய இவை உதவும். அம்மரபணுவை நாற்றுக்குள் கொண்டுவர இதுவரை கலப்பில் சேராத காட்டுக்கரும்புகள் தேவைப்படுவதால், அவற்றைத் திரட்டிக் கலப்பதும் இத்துறையின் பணிகளுள் ஒன்றாக உள்ளது.