வரிக்குதிரை மட்டியும் மறைந்துவரும் சுதேச மட்டிகளும்

கனடாவின் ரொறன்ரோ நகரம் ஒன்ராறியோ ஏரியின் கரையில் அமைந்துள்ளது. எமது நாட்டிலிருந்து புலம்பெயர்ந்து அங்கு வாழும் பல்லாயிரக் கணக்கானோர் அருந்தும் நீர் அந்த ஏரியிலிருந்தே பெறப்படுகின்றது. அதனுள்ளிட்ட வட அமெரிக்கப் பேரேரிகள் பலவற்றின் நீர் 1980களில் இருந்ததைவிட இன்று தெளிவாக உள்ளது. காண்போர் இதனை நற்சகுனமாகவே கொள்வர். ஆனால் இத்தெளிவுக்குப் பெருமளவில் காரணம், நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் அந்நிய மட்டிகளே என்பது குறிப்பிடத்தக்கது.

ஹியூரன், ஈரி ஏரிகளுக்கு இடையிலுள்ள சென் கிளேயர் ஏரியில் 1988 ஜூனில் வரிக்குதிரை மட்டி கண்டறியப்பட்டது. விரல் நகமளவேயான இது கருங்கடல், கஸ்பியன் கடல் பிரதேசங்களுக்கு உரியது. சரக்கில்லாத கப்பல் தள்ளாடாதிருக்கத் தாங்கிகளில் நிரப்பப்படும் நீரோடு இது வந்து சேர்ந்தது. 1959இல் திறக்கப்பட்ட சென் லோரன்ஸ் நீர்வழியூடாக சமுத்திரக் கப்பல்கள் உள்நாட்டு ஏரிகள் வரை சென்று வந்தன. வணிகத்துக்குத் திறந்த அந்த வாயிலுக்குக் காவல் இருக்கவில்லை.

வட அமெரிக்காவின் நன்னீர்களில் ஏறத்தாழ 300 இன சுதேச மட்டிகள் உள்ளன. அவற்றின் வாழ்க்கை முறை வியப்புக்குரியது. அவற்றின் குடம்பிகள் மீன்களின் பூக்களில் சில காலம் ஒட்டி வளர்ந்த பின்னரே அடித்தளத்தை அடைகின்றன. சில இனங்களில் தாய் மட்டி தனது தசைமடலைச் சிறு மீன் போல அசைத்து, அதனை இரையென எண்ணி நெருங்கும் மீனின் மீது குடம்பிகளை வீசுகின்றது. மெதுவாக வளரும் இவற்றில் பல, பத்தாண்டுகள் கணக்கில் வாழக்கூடியவை.

வரிக்குதிரை மட்டிக்கோ மீனின் தயவு தேவையில்லை. ஒரு பெண் மட்டி ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் முட்டைகள் வரை இடும். நீரில் மிதந்து திரியும் குடம்பிகள் கடினமான பரப்பொன்றில் நூல்களால் ஒட்டிக்கொள்ளும். சேறு நிறைந்த ஏரித்தளத்தில் கிடைக்கும் கடினப் பரப்பு, பாதி புதைந்து வாழும் சுதேச மட்டியின் ஓடேயாகும். ஒரே ஓட்டின் மீது 10,000 வரையிலான அந்நிய மட்டிகள் மொய்த்திருந்தமை பதிவாகியுள்ளது. அவ்வாறு மூடப்பட்ட மட்டி ஓட்டைத் திறக்கவோ உணவைப் பெறவோ இயலாது பட்டினியால் மடிகின்றது. சென் கிளேயர் ஏரியின் திறந்த நீர்ப்பரப்பில் பத்தாண்டுகளுக்குள் சுதேச மட்டிகள் ஏறக்குறைய முற்றாக அற்றுப்போயின. 1989இல் ஈரி ஏரியில் காணப்பட்ட குவாகா மட்டி, பின்னர் ஆழமான குளிர்நீரையும் கைப்பற்றியது.

எல்லாப் பழியையும் இவற்றின் மீது சுமத்துவது நியாயமன்று. அணைக்கட்டுகளும் மாசடைதலும் சுதேச மட்டிகளை முன்னரே நலிவுறச் செய்திருந்தன. சட்டைப் பொத்தான் தொழிலுக்காகவும் அவை வாரி அள்ளப்பட்டன. 2023இல் அமெரிக்கா அழிந்துவிட்டதாக அறிவித்த 21 உயிரினங்களுள் 8 நன்னீர் மட்டிகளாகும்.

எனினும் அரசாங்கங்கள் விழித்துக்கொண்ட விதம் எமது விசனத்துக்குரியது. 1989 இறுதியில் மிச்சிகன் மாநிலத்தின் மன்றோ நகரில் குழாய்கள் அடைபட்டுக் குடிநீர் தடைப்பட்டது. 1990இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் இயற்றியது. குழாய்கள் அடைபடாதிருந்தால் மட்டிகளுக்காக மாத்திரம் அச்சட்டம் அவ்வளவு விரைவில் வந்திருக்குமா என்பது சந்தேகமே. அப்போதும், வெறுமையெனப் பதியப்பட்ட தாங்கிகளின் அடியில் தேங்கிய நீரும் சேறும் கட்டுப்பாட்டுக்கு உட்படவில்லை. அவற்றையும் உப்புநீரால் கழுவ வேண்டுமென்ற விதியைக் கனடா 2006இலும் அமெரிக்கத் தரப்பு 2008இலும் கொண்டுவந்த பின்னர் புதிய வருகைகள் வெகுவாகக் குறைந்தன. இவ்வளவு எளிய பரிகாரத்துக்கு இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. கப்பல் நீர் தொடர்பான சர்வதேச உடன்படிக்கையோ 2004இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டெம்பரிலேயே அமுலுக்கு வந்தது.

சென் கிளேயர் கழிமுகத்தின் ஆழமற்ற சதுப்புகளிலும் ஈரி ஏரியோரச் சதுப்புகள் சிலவற்றிலும் சுதேச மட்டிகள் இன்னமும் தப்பிப் பிழைத்துள்ளன. அவ்விடங்களைக் காப்பதே இன்று எஞ்சியுள்ள வழியென நாம் கருதுகின்றோம். படையெடுப்பு நிகழ்ந்த பின்னர் செய்யக்கூடியது எத்தகையது என்பதற்கு ஐடஹோ மாநிலம் உதாரணமாகும். 2023 செப்டெம்பரில் அங்கு ஸ்னேக் ஆற்றில் குவாகா குடம்பிகள் கண்டறியப்பட்டதும் செப்பு கலந்த இரசாயனம் ஆற்றில் விடப்பட்டது. மீன்களும் கூடவே மடிந்தன. 2024இல் குடம்பிகள் மீண்டும் தென்பட்டன. அதே ஆற்றில் இரண்டாவது தடவையாகவும் செப்பு விடப்பட்டது.