42 சிகரங்களும் ஒரு சாட்சியும்

மலை ஓட்டத்தின் வரலாற்றைக் கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். ஒலிம்பிக் பதக்கம், பரிசுப் பணம் என்று எதுவும் பெரிதாக இல்லாத விளையாட்டு. அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது பாப் கிரஹாம் என்பவரின் கதை. அவர் ஓடியதைவிட, ஓடினார் என்பதை மற்றவர்கள் எப்படி நம்பினார்கள் என்பதுதான் எனக்கு சுவாரசியமாகப் பட்டது.

இடம், இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்ட். அங்கே மலையை 'ஃபெல்' என்பார்கள். பழைய நார்வே பக்கத்துக் குடியேறிகள் விட்டுப்போன சொல். மலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர்தான். நம்ம ஏற்காடே அதைவிட உயரம். ஆனால் மரமில்லாத மொட்டைச் சரிவு, உருளும் கல், சேறு, திடீரென்று இறங்கும் மூடுபனி. பல இடங்களில் ஒழுங்கான பாதை கிடையாது. வரைபடமும் காம்பஸும் படிக்கத் தெரியாதவர் அங்கே வேகமாக ஓடினால், தப்பான பள்ளத்தாக்குக்கு வேகமாகப் போய்ச் சேருவார். அவ்வளவுதான்.

24 மணி நேரத்தில் எத்தனை சிகரம் ஏறி இறங்க முடியும்? இந்தக் கேள்வி அந்த ஊரில் ரொம்பப் பழசு. 1905-ல் டாக்டர் ஆர்தர் வேக்ஃபீல்ட் 22 மணி 7 நிமிடத்தில் ஒரு பெரிய சுற்றை முடித்தார். பின்னாளில் 1922 எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்தவர் இவர். அந்தச் சாதனையை முறியடிக்க மான்செஸ்டர் பொறியாளர் யூஸ்டஸ் தாமஸ் வந்தபோது, வேக்ஃபீல்டே கூடப் போய் உதவினார். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1932 ஜூன் 13. கெஸிக் ஊரில் கெஸ்ட் ஹவுஸ் நடத்திய பாப் கிரஹாம், ஊர் நடுவில் இருக்கும் மூட் ஹால் கட்டடத்திலிருந்து கிளம்பினார். காலில் டென்னிஸ் ஷூ, இடுப்பில் அரைக்கால் சட்டை, மேலே பைஜாமா சட்டை. சாப்பாடு ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை, பழம், மிட்டாய். 42 சிகரங்களைத் தொட்டுவிட்டு 23 மணி 39 நிமிடத்தில் திரும்பி வந்தார். தூரம் சுமார் 106 கிலோமீட்டர். ஏறிய உயரத்தை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 8,200 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சிக்குக் கொஞ்சம் குறைவு.

அடுத்த 28 வருஷம் யாராலும் அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை. 'நிஜமாகவே ஓடினாரா?' என்று சிலர் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். இன்று மணிக்கட்டில் இருக்கும் கடிகாரமே ஒவ்வொரு அடியையும் பதிந்துவிடும். 1932-ல் என்ன இருந்தது? கிரஹாமின் வாக்கு, பகுதி பகுதியாகக் கூடப் போன நண்பர்களின் வாக்கு. ஒரு மனிதனின் பெயர் அதை நம்பித்தான் நின்றது.

1960-ல் ஆலன் ஹீட்டன் அதே சுற்றை 22 மணி 18 நிமிடத்தில் முடித்தார். மனிதரால் முடியும் என்று நிரூபணமாகிவிட்டது. கிரஹாம் 1966-ல்தான் இறந்தார். ஆக, தன் சுற்று இன்னொருவர் காலால் உறுதியானதை அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்க முடியும். எனக்கு அதில் ஒரு நிம்மதி.

1971-ல் ஃப்ரெட் ரோஜர்சன் முயற்சியில் பாப் கிரஹாம் கிளப் உருவானது. விதி எளிமையானது. 42 சிகரம், 24 மணி நேரம், தொடங்கிய மூட் ஹாலுக்கே திரும்ப வேண்டும். ஒவ்வொரு உச்சியிலும் கூட ஒருவர் இருந்து சாட்சி சொல்ல வேண்டும். பழைய சந்தேகத்துக்கு வைத்த பதிலாகத்தான் இந்தச் சாட்சி விதியை நான் படிக்கிறேன்.

ஆனால் நடைமுறையில் அது வேறொன்றாக வளர்ந்துவிட்டது. சுற்று ஐந்து பகுதிகளாகப் பிரியும். ஒவ்வொன்றும் சாலையைத் தொடும் இடத்தில் துணை ஓட்டக்காரர்கள் மாறுவார்கள். சாப்பாடு, தண்ணீர் சுமப்பது, வழி பார்ப்பது, உச்சியில் நேரம் குறிப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஸ்காஃபெல் பக்கத்தில் பிராட் ஸ்டாண்ட் என்றொரு பாறை. அங்கே ஒருவர் கயிறு கட்டிக்கொண்டு குளிரில் காத்திருப்பதும் உண்டு. இத்தனை பேர் தூக்கத்தை விட்டுவிட்டு வர வேண்டுமென்றால், நீங்களும் அவர்களுக்காக ஒரு நாள் போக வேண்டும். நம்ம ஊர் மொய் மாதிரிதான். வாங்கியது நோட்டில் இருக்கும், அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். தனியாக ஓடி முடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கிளப்பில் சேரச் சாட்சி வேண்டும்.

இப்படி 2,000-க்கும் அதிகமானவர்கள் முடித்துவிட்டார்கள். 1977-ல் ஜீன் டாஸ் முதல் பெண்ணாக முடித்தார். வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு மேய்த்த ஜாஸ் நெய்லர், சுற்றையே பெரிதாக்கி 1975-ல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரம் தொட்டார். 1982-ல் பாரோடேலைச் சேர்ந்த பில்லி பிளாண்ட் என்ற கொத்தனார் 42 சிகரத்தையும் 13 மணி 53 நிமிடத்தில் முடித்தார். 36 வருஷம் அசையாத சாதனை அது.

2018 ஜூலையில் கட்டலோனியாவின் கிலியன் ஜோர்னெட் வந்தார். உலகின் பெரிய மலை ஓட்டக்காரர். அவருக்கும் அந்த மலையின் ஒவ்வொரு கல்லும் தெரியாதே! வழிகாட்டியாகக் கூட ஓடியவர்கள் உள்ளூர் ஓட்டக்காரர்கள். தங்கள் ஊர்க்காரரின் சாதனையை உடைக்க வெளியூர்க்காரருக்கு அவர்களே துணை போனார்கள். 12 மணி 52 நிமிடம். மூட் ஹால் வாசலில் அவரை வாழ்த்தியவர்களில் ஒருவர் பில்லி பிளாண்ட். தாமஸுக்கு வேக்ஃபீல்ட் உதவியது நினைவுக்கு வருகிறதா?

2022-ல் அமெரிக்கர் ஜாக் குன்ஸ்லே 12 மணி 23 நிமிடம் என்று அதையும் தாண்டிவிட்டார். நேரம் இன்னும் குறையலாம். ஆனால் கெஸிக்கில் யாராவது சுற்றுக்குக் கிளம்புகிறார் என்றால், இன்றைக்கும் வேறு நாலு பேர் அலாரம் வைத்துக்கொண்டுதான் படுக்கிறார்கள்.

இதே மலைகளில் வரைபடத்தை வைத்து ஆடும் ஓரியன்டீரிங் பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது. அடுத்த பதிவில் பார்ப்போம்.